வெளிநாட்டு முதலீடு வருகிறது. அதில் இங்கே தங்குவது எவ்வளவு?

தேபான்_மாறன் · திங்கள், இரவு 8:52

தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கான கலந்துரையாடல் ஒன்றுக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். வெளிநாட்டு நேரடி முதலீடு, அதை வரவேற்கும் நாட்டின் வளர்ச்சிக்கு என்ன செய்கிறது என்பதுதான் தலைப்பு. வேலை வரும், தொழில்நுட்பம் வரும், ஏற்றுமதி கூடும். லாபம் வெளியே போகும், உள்ளூர் நிறுவனம் நசுங்கும். இதையெல்லாம் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். எண்களோடு பேச ஆசை.

சிங்கப்பூரின் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 2022-இல் 22.5 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கும் 2023-இல் 12.7 பில்லியன் வெள்ளிக்கும் நிலையான சொத்து முதலீட்டு உறுதிகள் கிடைத்ததாக அறிவித்தது. ஒரே ஆண்டில் இவ்வளவு இறங்கினால் பொருளியலுக்கு அடிதானா? இன்னொன்று: இங்குள்ள ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலை 100 வெள்ளிக்குச் சரக்கு விற்றால், அதில் எத்தனை வெள்ளி சிங்கப்பூரில் தங்கும்? துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் நல்லது.

பேரேடு · திங்கள், இரவு 9:40

மாறன், முதலில் எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இரண்டும் உறுதிமொழிகள். ஒரு நிறுவனம் "இந்த ஆலையைக் கட்டப் போகிறோம்" என்று ஒப்புக்கொண்ட தொகை. பணம் பல ஆண்டுகளில் செலவாகும். ஒரே ஒரு பெரிய சில்லு ஆலை எந்த ஆண்டில் கையெழுத்தாகிறதோ அந்த ஆண்டு எண் குதிக்கும், அடுத்த ஆண்டு விழும். ஓராண்டு இறக்கத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள்.

அயல்செலுத்துநிலைக் கணக்கில் (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவுக் கணக்கு) வரும் வெளிநாட்டு நேரடி முதலீடு முற்றிலும் வேறு. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் வைத்திருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குள் மூன்று பகுதிகள்: புதிதாகப் போட்ட பங்கு மூலதனம், வெளியே அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொண்ட லாபம், தாய் நிறுவனத்துக்கும் கிளைக்கும் இடையிலான கடன். இரண்டாவதை மாணவர்களுக்குக் கட்டாயம் விளக்குங்கள். பழைய ஆலை ஒன்று லாபம் ஈட்டி வங்கியிலேயே விட்டுவைத்தால், புள்ளிவிவரம் அதை லாபமாக வெளியே போனதாக எழுதி, அப்படியே புதிய முதலீடாக உள்ளே வந்ததாகவும் எழுதும். ஒரு செங்கல்கூட வைக்காமல் "முதலீட்டு வரவு" கூடிவிடும்.

மேலும், சிங்கப்பூரில் இருக்கும் நேரடி முதலீட்டு இருப்பில், அதாவது இதுவரை சேர்ந்திருக்கும் மொத்தத்தில், பாதிக்கு மேல் நிதி, காப்புறுதித் துறைக்குக் கீழே வருகிறது. வட்டாரமெங்கும் உள்ள துணை நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதில் ஏராளம். பணம் இங்கே நுழைந்து இந்தியாவுக்கோ இந்தோனீசியாவுக்கோ போய்விடும். இந்தியாவின் கணக்கில் சிங்கப்பூர் முதல் வரிசையில் நிற்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். ஆகவே மொத்த இருப்பை வைத்துக்கொண்டு வளர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இப்போது அந்த 100 வெள்ளி. இது விளக்கத்துக்கான எண்தான், எந்த நிறுவனத்துடையதும் அல்ல. மின்னணு ஆலை ஒன்றின் விற்பனை 100. இறக்குமதியான பாகங்கள், மூலப்பொருள் 62. மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, பராமரிப்பு, உள்ளூர்ப் பாகங்கள் என இங்கே வாங்குவது 10. மீதி 28 ஆலையின் கூட்டுமதிப்பு. அதில் சம்பளம் 9, தேய்மானம் 8, லாபம் 11.

உள்ளூரில் வாங்கிய 10-இலும் பாதி எரிபொருள், உலோகம் என்று மறுபடி இறக்குமதிக்கே போகும் என்று வைத்தால், உள்ளூர் வழங்குநரின் கூட்டுமதிப்பு 5. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்வது 28 + 5 = 33. வரி போக மீதி லாபம் வெளிநாட்டு உரிமையாளருடையது. லாபத்தில் 15 சதவீதம் வரி என்றால் 1.65 இங்கே தங்கும், 9.35 அவருடையது. தேய்மானம் 8 அவருடைய இயந்திரத்தை மாற்றவே போகும். ஆக, சம்பளம் 9, வரி 1.65, வழங்குநர் 5. மொத்தம் 15.65.

உற்பத்தியில் 33, நம்மவர் கையில் 15.65. சம்பளம் முழுவதும் இங்கே வாழ்பவர்களுக்கே போகிறது என்று வைத்துத்தான் இந்த எண்ணும் வந்தது.

உளி · திங்கள், இரவு 10:21

பேரேடு அண்ணே, அந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி 5. ஆலை உள்ளூரில் வாங்குவது 10-இலிருந்து 20 ஆனால் அந்த 5, 10 ஆகும். நம்மவர் கைக்கு வருவது 15.65-இலிருந்து 20.65 ஆகிவிடும். இதே 5 வெள்ளியை வரியால் எடுக்கப் பார்த்தால் 11 வெள்ளி லாபத்தின் மேல் இன்னும் 45 சதவீதம் வரி போட வேண்டும். அப்படி எந்த நாட்டாலும் செய்ய முடியாது, ஆலை கிளம்பிவிடும்.

முதலீட்டு விவாதம் எங்கே நடந்தாலும் வரிச்சலுகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உள்ளூர் வழங்குநர்களைப் பற்றிப் பேசுவதே குறைவு. எனக்கு அது பெரிய வருத்தம்.

வரிக்கணக்கு_செல்வி · செவ்வாய், காலை 7:15

15 சதவீதம் என்பதை அப்படியே லாபத்தோடு பெருக்கக் கூடாது.

சிங்கப்பூரின் நிறுவன வரி 17 சதவீதம். ஊக்குவிப்புச் சலுகை பெற்ற ஆலைக்கு 5 அல்லது 10 சதவீதம் என்று குறைந்த விகிதம் இருக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டு மேல்நிரப்பு வரி நடப்புக்கு வந்தது. உலகளவில் ஆண்டு வருவாய் 750 மில்லியன் யூரோவுக்குக் குறையாத குழுமங்களுக்கு மட்டும், இங்கே செலுத்தும் உண்மையான விகிதம் 15-க்குக் கீழே இருந்தால் மீதியை நாமே வசூலிப்போம். நாம் வசூலிக்காவிட்டால் தாய் நிறுவனத்தின் நாடோ வேறொரு நாடோ வசூலித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான தொழில் நடக்கும் இடத்துக்கு ஒரு விலக்கு உண்டு. 2025-இல் தொடங்கும் ஆண்டுக்கு, இங்குள்ள இயந்திரம், கட்டடம் போன்ற சொத்துகளின் ஏட்டு மதிப்பில் 7.6 சதவீதத்தையும் சம்பளச் செலவில் 9.6 சதவீதத்தையும் லாபத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதன் மேல்தான் மேல்நிரப்பு. இவ்விரண்டும் ஆண்டுக்காண்டு குறைந்து 2033-இல் 5 சதவீதத்தில் நிற்கும்.

பேரேடு சொன்ன ஆலையின் சொத்து மதிப்பு 60 என்றும், சலுகை விகிதம் 5 சதவீதம் என்றும் வையுங்கள். முதல் வரி 11 × 5% = 0.55. விலக்கு: 60 × 7.6% = 4.56, சம்பளம் 9 × 9.6% = 0.86, சேர்த்து 5.42. மீதி லாபம் 5.58. அதன் மேல் 15-க்கும் 5-க்கும் இடையிலான 10 சதவீதம் 0.56. மொத்த வரி 1.11. இது 1.65 இல்லை. இயந்திரம் மிகுந்த சில்லு ஆலைகளில் விலக்கு இன்னும் பெரிதாகி மேல்நிரப்பு ஏறக்குறைய மறைந்தேகூடப் போகும். மாறாக, ஆளும் இயந்திரமும் குறைவாக வைத்துக்கொண்டு காப்புரிமை வருமானத்தை மட்டும் பதிவுசெய்யும் நிறுவனத்தின் மேல் முழு வேகத்தில் விழும். இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த திரும்பப் பெறத்தக்க முதலீட்டுச் சலுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகுதியான செலவில் 50 சதவீதம் வரை ஆதரவு. வரியில் கழித்ததுபோக மீந்ததை நான்கு ஆண்டுகளுக்குள் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். நான்கு ஆண்டு என்பது தற்செயல் இல்லை. அனைத்துலக விதிப்படி அந்தக் காலத்துக்குள் ரொக்கமாகத் திருப்பித் தந்தால் அது நிறுவனத்தின் வருமானமாகக் கருதப்படும், வரிக் குறைப்பாகக் கருதப்படாது. அதனால் உண்மை வரிவிகிதம் அவ்வளவாகக் கீழே இறங்காது. முன்பு வரியை விட்டுக்கொடுத்தோம். இப்போது குறிப்பிட்ட செலவுக்கு ஆதரவாகக் கொடுக்கிறோம். என்ன செலவுக்குக் கொடுக்கிறோம் என்பதில் அரசாங்கத்தின் பிடி கூடுகிறது.

கரையோரம் · செவ்வாய், காலை 8:03

எல்லோரும் ஆலை வந்தபின் நடப்பதையே கணக்குப் போடுகிறீர்கள். அது வராமல் இருந்தால் அந்த 9 வெள்ளிச் சம்பளக்காரர் சும்மா இருந்திருப்பாரா? 1960-களில் இருந்திருப்பார். அப்போது வேலையின்மை கடுமை, பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் அறிவிப்பு 1968-இல் வந்து இன்னும் பயமுறுத்தியது. அன்றைக்கு ஒவ்வொரு வெளிநாட்டு ஆலையும் நிகர ஆதாயம். இன்றைக்கு வேலையின்மை மிகக் குறைவு. புது ஆலை ஒரு பொறியாளரை எடுத்தால் அவர் வேறொரு இடத்திலிருந்து வருகிறார். பெரும்பாலும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து. ஆகவே இன்றைய ஆதாயம் 9 இல்லை, பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

இடத்துக்கும் இதே கதி. தொழிற்பேட்டை வாடகை, மின்சாரம், ஊழியர் ஒதுக்கீடு எல்லாமே அளவுக்குட்பட்டவை. உற்பத்தித் துறையில் எஸ் பாஸ் (நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) வைத்திருப்போர் நிறுவனத்தின் மொத்த ஊழியரில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தி உள்ளூர் ஆளைப் பிடித்துவிட்டால், சிறிய பட்டறைக்கு உள்ளூர் ஆள் எண்ணிக்கை குறைகிறது. அதோடு சேர்ந்து அதன் வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடும் குறைகிறது. ஒரு ஆள் போனால் ஒருவருக்கு மேலேயே போன மாதிரி.

கிளமெண்டி_ஆசிரியர் · செவ்வாய், மதியம் 12:46

கரையோரம் சொல்வதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. எய்ட்கன், ஹாரிசன் இருவரும் 1999-இல் வெனிசுவேலா ஆலைகளை ஆராய்ந்தார்கள். வெளிநாட்டுப் பங்கு கூடிய துறைகளில் அதே துறையின் உள்நாட்டு ஆலைகளுடைய உற்பத்தித்திறன் குறைந்திருந்தது. காரணம் எளிது: சந்தையில் பங்கு பறிபோகிறது, உற்பத்தி குறைகிறது, ஆனால் நிலையான செலவு அப்படியே நிற்கிறது. ஒரு பொருளுக்கான செலவு ஏறிவிடுகிறது.

அதே சமயம் உளி சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. யாவோர்சிக் 2004-இல் லிதுவேனியாவை ஆராய்ந்தார். ஒரே துறைக்குள், வெளிநாட்டு நிறுவனத்தின் திறன் உள்ளூர் நிறுவனங்களுக்குக் கசிந்ததாகத் தென்படவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சரக்கு வழங்கும் துறைகளில்தான் உற்பத்தித்திறன் கூடியது. இன்னொரு நுணுக்கம்: முழு வெளிநாட்டு உரிமை கொண்டவற்றால் அந்த நன்மை தெரியவில்லை, உள்ளூர்ப் பங்காளி இருந்த திட்டங்களால் தெரிந்தது. உள்ளூர்ப் பங்காளிக்கு யாரிடம் என்ன கிடைக்கும் என்று தெரியும் என்பது ஒரு விளக்கம்.

காரணமும் புரிகிறது. போட்டியாளனுக்கு யாரும் தொழில் கற்றுத் தர மாட்டார்கள். தனக்குப் பாகம் செய்து தருபவனுக்குக் கற்றுத் தந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாகம் பழுதாக வரும்.

மூன்றாவதாக, போரென்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1998-இல் எழுதியது. 69 வளரும் நாடுகளைப் பார்த்தார்கள். மக்களின் கல்வி ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய நாடுகளில்தான் வெளிநாட்டு முதலீடு வளர்ச்சியைத் தூக்கியது. சிங்கப்பூர் வரலாற்றில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது, டச்சுப் பொருளியல் ஆலோசகர் வின்செமியஸ் தந்த அறிவுரை, அமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை போட்டது எல்லாம் பாடத்தில் உண்டு. 1970-களின் பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1972-இல் டாட்டாவோடு சேர்ந்து அரசு பயிற்சி நிலையம், 1973-இல் ஜெர்மானியக் கேமரா நிறுவனமான ரோலையோடு, 1975-இல் ஃபிலிப்ஸோடு. நிலம், கட்டடம், நடைமுறைச் செலவின் பெரும்பகுதி அரசுடையது. பயிற்றுநர்களையும் பாடத்திட்டத்தையும் நிறுவனம் தரும். டூல் அண்ட் டை (அச்சும் வெட்டுக் கருவியும் செய்வது), துல்லியப் பொறியியல், ஒளியியல் போன்ற வேலைகள். நிறுவனம் தன் தேவைக்கு மேலும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், மிச்சப்பட்டவர்கள் மற்ற ஆலைகளுக்குப் போவார்கள். 1981-இல் ரோலை நொடித்தது. நிறுவனம் போனது, கைத்தொழில் கற்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். துல்லியப் பொறியியல் பட்டறைகளுக்கும் கணினியின் வட்டு இயக்கி (ஹார்ட் டிஸ்க்) ஆலைகளுக்கும் அந்தத் தலைமுறை பயன்பட்டது. 1982-இல் வட்டு இயக்கி நிறுவனமான சீகேட் வந்து இறங்கியபோது பாகம் செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

தேபான்_மாறன் · செவ்வாய், மாலை 6:30

ஆசிரியர் ஐயா, நன்றி. ரோலை எடுத்துக்காட்டு மாணவர்களுக்கு நன்றாகப் பிடிபடும்.

உளி அண்ணே, உள்ளூரில் வாங்குவது 10-இலிருந்து 20 ஆனால் நல்லது என்பது புரிகிறது. அப்படியானால் ஏன் ஆவதில்லை? வெளிநாட்டு ஆலை ஏன் பக்கத்துத் தெரு பட்டறையிடம் வாங்குவதில்லை? விலைதான் காரணமா?

உளி · செவ்வாய், இரவு 9:58

விலை மட்டும் இல்லை மாறன் தம்பி. விலைக்கு முன்னாலேயே நிறைய பேர் விழுந்துவிடுகிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரகசியம் காக்கும் ஒப்பந்தம், வரைபடம், கோட்டேஷன். அடுத்து ஆடிட். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் இல்லாமல் கதவே திறக்காது. விமானப் பாகம் என்றால் ஏஎஸ் 9100, கார் பாகம் என்றால் ஐஏடிஎஃப் 16949. விமானத் துறையில் வெப்பப்பதனம், முலாம், விரிசல் சோதனை போன்ற வேலைகளுக்கு நாட்கேப் ஒப்புதல் தனியாக வேண்டும். பட்டறையில் அது இல்லாவிட்டால் அந்த ஒரு படிக்காக மட்டும் பாகம் வேறொரு இடத்துக்குப் போய் வரும், கூடவே இரண்டு வாரம் போகும்.

பிறகு சாம்பிள். முதல் பாகத்தின் ஒவ்வொரு அளவையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு பாகத்துக்கு 80, 100 அளவுகள் இருப்பது சகஜம். பிறகு சிறு லாட், அதில் முக்கிய அளவுகளுக்கு சிபிகே (அளவு எவ்வளவு சீராக வரம்புக்குள் வருகிறது என்பதன் குறியீடு) 1.33-க்குக் குறையக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பத்துப் பாகம் சரியாகச் செய்வது வேறு. இயந்திரம் சூடேறி, டூல் தேய்ந்து, ஷிஃப்ட் மாறியும் ஆயிரமாவது பாகம் அதே அளவில் வருவது வேறு. அதற்கு அளக்கும் கருவி, அளவு அறைக்கு நிலையான வெப்பநிலை, டூல் மாற்றும் கணக்கு எல்லாம் வேண்டும். முதல் கோட்டேஷனிலிருந்து முதல் பெரிய பர்ச்சேஸ் ஆர்டர் வரை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிடும். அதுவரை ஒரு வெள்ளியும் வராது.

இதையெல்லாம் தாண்டியவர்களைப் பணம் கவிழ்க்கும். மாதம் 3 லட்சம் வெள்ளிக்கு ஆர்டர் பிடித்த பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் 55 சதவீதம், அதாவது 1,65,000. சம்பளம், வாடகை, மின்சாரம் 30 சதவீதம், 90,000. பொருள் கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் தர வேண்டும். உற்பத்திக்கு 45 நாள். வாங்குபவர் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 90 நாள் கழித்துத்தான் தருவார். ஆக, மூலப்பொருளில் 45 + 90 − 30 = 105 நாள், மூன்றரை மாதப் பணம் முடங்கும்: சுமார் 5,78,000. சம்பளம் முதலியவை உற்பத்திக் காலம் முழுவதும் சிறிது சிறிதாகப் போவதால் 45-இல் பாதியும் 90-உம் சேர்த்து ஏறக்குறைய 112 நாள்: சுமார் 3,35,000. இரண்டும் சேர்ந்து 9 லட்சத்துக்கு மேல். மாத விற்பனையைப் போல மூன்று மடங்கு. பட்டறை வளர வளர இந்தப் பள்ளமும் பெரிதாகும். லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டும்.

அதற்கு மேல், ஆண்டுதோறும் 3 முதல் 5 சதவீதம் விலைக் குறைப்பு கேட்பார்கள். மூலப்பொருளை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், அதில் நமக்கு லாபம் வைக்க முடியாது. அடுத்த ஆறு மாதத்துக்கு இவ்வளவு தேவைப்படும் என்று அவர்கள் அனுப்பும் மதிப்பீடு யாரையும் கட்டுப்படுத்தாது, அதை நம்பி அலுமினியக் கட்டி வாங்கி அடுக்கியவர் பாடு திண்டாட்டம்.

ஒப்பந்தம் பேசும்போது மூன்று வரிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. அடுத்த 8 முதல் 12 வாரத் தேவை உறுதியானது, ரத்தானால் வாங்குபவர் பொறுப்பு. அந்த மதிப்பீட்டுக்காக வாங்கிய மூலப்பொருளுக்கும் அவரே பொறுப்பு. உலோக விலை ஏறினால் பாக விலையும் ஏறும். ஒரே வாங்குபவரிடம் மொத்த விற்பனையில் 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நாம் செய்ய வேண்டியது.

கிளமெண்டி_ஆசிரியர் · செவ்வாய், இரவு 10:37

1986-இல் தொடங்கிய உள்ளூர்த் தொழில் மேம்பாட்டுத் திட்டம் உளி சொன்ன இந்தப் பள்ளத்தைக் குறிவைத்துத்தான் வந்தது. பன்னாட்டு நிறுவனத்தின் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை வழங்குநர்களிடம் அனுப்புவார்கள், அவர் சம்பளத்தைப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஏற்கும். முதல் கட்டத்தில் தளவாட ஏற்பாடு, பழுது குறைப்பு. இரண்டாம் கட்டத்தில் புதிய பாகங்கள், புதிய முறைகள். மூன்றாம் கட்டத்தில் சேர்ந்து வடிவமைப்பது. வாங்குபவரின் ஆளே வந்து உட்கார்ந்து சரிசெய்வதால், ஆடிட்டில் என்ன பார்ப்பார்கள் என்று பட்டறைக்கு முன்னரே தெரிந்துவிடும். பிறகு 2010-இல் வந்த பாக்ட் திட்டமும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

பினாங்கைப் பாருங்கள். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம், இன்டெல், ஏஎம்டி, ஹியூலட்-பேக்கர்டு, போஷ் போன்றவை. 1989-இல் நிறுவனங்களும் மாநிலமும் சேர்ந்து திறன் மேம்பாட்டு நிலையம் நடத்தத் தொடங்கின. வெளிநாட்டு ஆலைகளில் மேலாளராக இருந்தவர்கள் வெளியேறித் தொடங்கிய உள்ளூர் நிறுவனங்கள் அங்கே உண்டு, குளோபட்ரானிக்ஸ் ஒன்று. உள்ளூர் வழங்குநர் எண்ணிக்கையில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

அம்பத்தூரான்_இங்கே · புதன், காலை 6:55

நம்ம ஊர்ப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஞாபகம் வருது. அதுவும் வழங்குநர்களை ஆலையைச் சுத்தியே உட்கார வெச்சதுதானே? அப்புறம் ஏன் அப்படி ஆச்சு? ஆசிரியர் ஐயா சொல்ற கணக்குப்படி அது நின்னிருக்கணுமே.

வரிக்கணக்கு_செல்வி · புதன், காலை 7:40

அங்கே இரண்டு கோளாறுகள். ஒன்று வரி. 2006-இல் உற்பத்தி தொடங்கியது. 2013-இல் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய தொகை ராயல்டியா (உரிமைத்தொகையா), அதற்கு மூலத்தில் வரி பிடித்திருக்க வேண்டுமா என்று வருமான வரித் துறையோடு வழக்கு. கோரிக்கை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலை அந்த விற்பனைக்கு வெளியே விடப்பட்டது. அதன்பின் ஒப்பந்த உற்பத்தியாக மட்டும் சில மாதம் ஓடி 2014 நவம்பரில் மூடியது. உச்சத்தில் நேரடி ஊழியர்களே ஏறக்குறைய 8,000 பேர்.

சிங்கப்பூரில் ராயல்டி வெளியே போனால் 10 சதவீதம் மூலத்தில் பிடிக்க வேண்டும், ஒப்பந்தங்கள் அதைக் குறைக்கலாம். தாய் நிறுவனத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு, மொத்த வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு மேலுள்ள நிறுவனங்கள் விலை நிர்ணய ஆவணத்தை அந்தந்த ஆண்டின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்வதற்குள் தயாரிக்க வேண்டும். உள்நாட்டு வருவாய் ஆணையம் விலையைத் திருத்தினால் திருத்திய தொகையின் மேல் 5 சதவீதம் கூடுதல் கட்டணம். ஆவணத்தை ஆண்டுதோறும் தயாரித்து வைப்பதால், ஏழு வருடம் கழித்துப் பூதம் கிளம்புவது குறையும். முதலீட்டாளருக்கு விகிதம் 10-ஆ 15-ஆ என்பதைவிட, அடுத்த ஐந்தாண்டில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்றே தெரிவது பெரிது.

உளி · புதன், காலை 8:12

இரண்டாவது கோளாறை நான் சொல்கிறேன். அங்கே சுற்றி இருந்த வழங்குநர்களில் பெரியவர்களும் வெளிநாட்டவர்களே: ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ். நோக்கியா எங்கே போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகிறவர்கள். வாங்குபவர் ஒருவரே. அவர் நின்றதும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஃபாக்ஸ்கானும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. பக்கத்தில் இருப்பதும் உள்ளூருக்குச் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு. பாகத்தைப் பல நிறுவனங்களுக்கு விற்கத் தெரிந்தவன் தான் பிழைப்பான்.

அதற்காக எல்லாம் வீணாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அதே ஆலையை சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019-இல் அறிவித்தது. ஃபாக்ஸ்கானும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய அளவில் இருக்கிறது. கைப்பேசி பொருத்தத் தெரிந்த ஆட்கள், சாலை, துறைமுகம் எல்லாம் மிஞ்சியதால்தான் திரும்பி வந்தார்கள்.

கரையோரம் · புதன், மதியம் 1:05

நிறுவனம் வெளியேறியபின் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்து அளக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங் மோ கியோவில் சீகேட் வட்டு இயக்கி உற்பத்தியை மூடப்போவதாக 2009-இல் அறிவித்தபோது சுமார் 2,000 வேலைகள் அடிபட்டன. ஆனால் உட்லண்ட்ஸில் வட்டுத் தகடு ஆலை நின்றது, 2015-இல் ஃபியூஷனோபொலிஸ் அருகே வடிவமைப்பு நிலையம் திறந்தது. பொருத்தும் வேலை போய் வடிவமைப்பு தங்கியது.

ஆனால் மாறன் ஒன்றை மறக்க வேண்டாம். போனது யார் வேலை, வந்தது யார் வேலை? அசெம்ப்ளி வரிசையில் இருபது ஆண்டு நின்ற ஐம்பது வயதுக்காரருக்கு வடிவமைப்பு நிலையத்தில் இடமில்லை. நாட்டுக் கணக்கில் இரண்டும் சமன்படும், குடும்பக் கணக்கில் சமன்படாது. பயிற்சிப் பணத்தை ஆட்குறைப்புக்குப் பின் கொடுப்பதைவிட, ஆலை ஓடும்போதே கொடுக்க வேண்டும். சலுகைக்கான நிபந்தனையிலேயே "ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி, இத்தனை பேருக்கு வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழ்" என்று எழுத வேண்டும். முதலீட்டுச் சலுகையில் பயிற்சிச் செலவும் சேர்க்கப்பட்டிருப்பதால் இதைக் கேட்க இப்போது வழி இருக்கிறது.

1979 முதல் மூன்று ஆண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே உயர்த்தி மலிவு ஆலைகளை வெளியே தள்ளப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். திறன் மேம்பாட்டு நிதி 1979-இல் வந்தது அதற்காகத்தான். ஆனால் சம்பளமும் மத்திய சேம நிதிச் சந்தாவும் உற்பத்தித்திறனை முந்திவிட்டன. 1984-இல் முதலாளி 25, ஊழியர் 25 சதவீதம். 1985-இல் பொருளியல் சுருங்கியது. மறுஆண்டு முதலாளி பங்கு 25-இலிருந்து 10 ஆக வெட்டப்பட்டது. வெளிநாட்டு ஆலைகளை நம்பியிருக்கும் நாட்டுக்கு இந்தக் கயிறு எவ்வளவு நீளம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தேபான்_மாறன் · புதன், இரவு 8:20

எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மாணவர்கள் தாங்களே சிங்கப்பூருக்கு அந்த 33-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட முடியுமா? அயர்லாந்தோடு ஒப்பிடச் சொல்லலாமா?

பேரேடு · புதன், இரவு 9:33

முடியும். செல்வி திருத்தியபடி 15.65-ஐ 15.11 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் மூன்று அட்டவணைகளை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று, வருமான முறையில் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதில் ஊழியர் ஊதியம், நிறுவன உபரி, வரிகள் தனித்தனியாக இருக்கும். இரண்டு, மொத்த தேசிய வருமானம். மூன்று, அயல்செலுத்துநிலையில் முதன்மை வருமானக் கணக்கு, அதாவது எல்லை தாண்டும் லாபம், வட்டி, சம்பளத்தின் கணக்கு. சிங்கப்பூருக்கு அந்தக் கணக்கு தொடர்ந்து பற்றாக்குறையில் இருக்கிறது. ஏற்றுமதியில் பெரிய உபரி, முதன்மை வருமானத்தில் பற்றாக்குறை: வெளிநாட்டு உரிமையாளர்களின் லாபம் அங்கேதான் தெரியும். ஆனால் நம் முதலீடுகள் வெளிநாட்டில் ஈட்டுவது எதிர்த்திசையில் வருவதால், நிகர எண்ணை மட்டும் பார்த்தால் வெளியே போவது குறைவாகத் தோன்றும். வரவு, செலவு இரண்டு வரிகளையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பட்டறை ஒன்று ஜோகூரில் ஆலை போட்டால் அதன் லாபமும் அந்த வரவு வரியில்தான் சேரும்.

அயர்லாந்தை எச்சரிக்கையோடு எடுங்கள். 2015-இல் அங்கே வளர்ச்சி 26.3 சதவீதம் என்று முதலில் அறிவித்தார்கள். பெரும் நிறுவனங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றிப் பதிவுசெய்ததும், விமானக் குத்தகை நிறுவனங்களின் சொத்துகளும் காரணம். ஆலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அதனால் 2017 முதல் அவர்களே திருத்திய தேசிய வருமானம் என்று தனி எண் வெளியிடுகிறார்கள். இடம்பெயர்ந்த அறிவுசார் சொத்தின் தேய்மானத்தையும் குத்தகை விமானங்களின் தேய்மானத்தையும் அதில் கழித்துவிடுவார்கள். 2022-இல் அது அவர்களுடைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம்.

சிங்கப்பூருக்கு அப்படித் திருத்திய எண் வெளியாவதில்லை. ஆகவே இரு நாட்டுக்கும் சாதாரண தேசிய வருமானத்தை எடுத்து, அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, 2000-இலிருந்து ஆண்டுக்கொரு புள்ளி வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். நடப்பு விலை எண்களையே எடுக்க வேண்டும், நிலையான விலை எண்களைக் கலந்தால் விகிதம் தவறிவிடும். அயர்லாந்துக் கோட்டில் 2015-இல் என்ன நடக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.